பாய்லருக்குப் பல்லாண்டு

வெந்நீர் அடுப்பைக் கொல்லைப்புறத்தில் வைத்த நம் பாட்டன் பூட்டன்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. புகை வீட்டுக்குள் வரக்கூடாது, அனல் முகத்தில் அடிக்கக்கூடாது, சத்தம் காதில் விழக்கூடாது என்று அவர்களுக்கு ஏதேதோ பத்தாம்பசலி எண்ணங்கள். கிணற்றடிப் பக்கம் மூன்று கல்லைப் போட்டு, செப்பு அண்டாவை ஏற்றி, விறகைத் தள்ளிவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். வெந்நீர் அடுப்போடு ஒரே அறையில் கூடி வாழும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பேற்றை அடைய இங்கிலாந்துக்கு வந்து, லண்டனில் ஒரு பழைய டெரஸ் வீட்டை, இருபத்தைந்து வருஷக் கடனில் வாங்க வேண்டியிருக்கிறது.

இங்கே பாய்லர் என்பது டீக்கடை வாசலில் நிற்கும் பித்தளை உருளை இல்லை. சுவரில் மாட்டிய வெள்ளைத் தகரப் பெட்டி. ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரம், 40 அகலம், 30 ஆழம். எடை முப்பது நாற்பது கிலோ. உள்ளே கேஸ் எரியும். வீட்டிலுள்ள ரேடியேட்டர்களுக்கெல்லாம் சுடுநீரைச் சுற்றவிடுவதும் அதுதான், குழாயைத் திறந்ததும் குளிக்க வெந்நீர் தருவதும் அதுதான். இரண்டு வேலையையும் ஒன்றே பார்ப்பதால் காம்பி பாய்லர் என்கிறார்கள். ஜனவரியில் அது நின்றுவிட்டால் குடும்பம் மொத்தமும் கோட்டு, குல்லாயோடு சோபாவில் உட்கார்ந்திருக்கும். வீட்டில் அதைவிட முக்கியமான பொருள் கிடையாது. அவ்வளவு முக்கியமான பொருளுக்கு இடமே விடாமல் வீட்டைக் கட்டி வைத்தார்களே, அந்தத் தொலைநோக்கைத்தான் முதலில் பாராட்ட வேண்டும்.

விக்டோரியா மகாராணி காலத்தில் வரிசை வரிசையாக இந்த வீடுகளைக் கட்டியபோது அறைக்கு ஒரு கணப்பு, அதில் கரி, மேலே புகைபோக்கி. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படாது என்பதில் கட்டியவர்கள் உறுதியாக இருந்தார்கள். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன பிறகுதான் கரியின் மேல் லேசான சந்தேகம் வந்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம். 1965-இல் வட கடலுக்கடியில் எரிவாயு. 1967 தொடங்கிப் பத்தாண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கி, நாட்டிலுள்ள கேஸ் அடுப்புகளையெல்லாம் புது வாயுவுக்கு மாற்றினார்கள். அந்தக் காலத்தில் கூடத்துக் கணப்புக்குப் பின்னால், புகைபோக்கியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பாய்லரைப் பொருத்துவார்கள். பேக் பாய்லர் என்று பெயர். யார் கண்ணையும் உறுத்தாமல், யார் நெற்றியையும் இடிக்காமல் வருஷக்கணக்கில் உழைத்தது. இத்தனை அடக்கமாக இருந்தால் முன்னுக்கு வர முடியுமா? 2005 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக மாட்டும் பாய்லர்கள், சில விலக்குகள் நீங்கலாக, கேஸை மிச்சப்படுத்தும் கண்டென்ஸிங் வகையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. புகைபோக்கிக்குள் முடங்கிக் கிடந்தது அறைக்குள் வந்து நின்றது. எங்கே உட்கார்வது என்றது.

இந்த இடத்தில்தான் பிளம்பர் மேடைக்கு வருகிறார்.

சமையலறையில் ஒரு மூலையில் வைத்துவிடலாமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். நமக்கே தோன்றுவதைச் செய்ய நிபுணர் எதற்கு? லண்டன் பிளம்பர்களின் கற்பனைக்கு எல்லை கிடையாது. டூட்டிங்கில் ஒரு வீட்டில் குளியல் தொட்டிக்கு நேர் மேலே பார்த்திருக்கிறேன். படுத்தபடி அண்ணாந்தால் அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று தெரியும், எழுந்தால் நெற்றியில் தெரியும். ஹாரோவில் மாடிப்படி திரும்பும் இடத்தில். கட்டிலை மேலே ஏற்ற வழியில்லாமல் அந்த வீட்டுக்காரர் தரையில் மெத்தை விரித்துப் படுக்கிறார், முதுகுக்கு நல்லதாம். க்ராய்டனில் துணி அலமாரிக்குள்ளேயே, பட்டுப் புடவைகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் நடுவே. சர்வீஸ் செய்ய வருகிறவர் வருஷத்துக்கு ஒரு தரம் புடவைகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டால்தான் மூடியைக் கழற்ற முடியும். அதனால் அந்த வீட்டு அம்மாளின் பட்டு எதுவும் மடிப்பில் இற்றுப்போனதே இல்லை. நம்மூரில் இதற்கென்று யார் ஆள் அனுப்புகிறார்கள்?

ஆனாலும், என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் ஈஸ்ட் ஹாமில் வாங்கிய வீட்டைப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் பயிற்சி ஆட்டமாகத்தான் தெரிகிறது.

விளம்பரத்தில் மூன்று படுக்கையறை, அதில் இரண்டு டபுள் என்று போட்டிருந்தது. முருகன் கோயில் நடக்கிற தூரம், இட்லி மாவு கிடைக்கும் கடை அதைவிடக் கிட்ட. படங்களில் பின்பக்கப் படுக்கையறை பளிச்சென்று இருந்தது. கதவு, கதவுக்கு அப்பால் மாடிப்படிக் கைப்பிடி, ஒரு மூலையில் தொட்டிச் செடி. நேரில் போய் நின்ற பிறகுதான் படம் எடுத்தவரின் திறமை புரிந்தது. அவர் பாய்லரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எடுத்திருக்கிறார். அந்த அறையில் பாய்லர் தெரியாமல் படமெடுக்க அது ஒன்றுதான் இடம். வீட்டைப் பற்றிப் பொய் சொல்லி விற்கக்கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் உண்டு. ஏஜென்ட் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நின்ற இடம் அப்படி.

பின்சுவரில் ஒரு பாதி ஜன்னல், மறுபாதி பாய்லர். எதிரே கதவு. இடப்பக்கம் புகைபோக்கித் துருத்தல், வலப்பக்கம் ரேடியேட்டர். டபுள் கட்டில் போட்டால் தலைமாடு பின்சுவரில்தான் வரும். ஒருவர் தலை ஜன்னலுக்குக் கீழே, மற்றவர் தலை பாய்லருக்குக் கீழே. பெட்டியின் அடியில் ஐந்து செப்புக் குழாய்கள் வரிசையாக இறங்குகின்றன. இரண்டின் இணைப்பில் பச்சை பூத்திருந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் தானியக் கஞ்சி அட்டைப்பெட்டியின் துண்டு ஒன்றை நாலாக மடித்துச் செருகியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். அதிராமல் இருக்க என்றார் ஏஜென்ட், ஒரு பொறியியல் நுட்பத்தை விளக்குகிற பெருமிதத்தோடு. குழாய்களுக்கு இரண்டு சாண் கீழே, சுவரின் வெள்ளையில் ஒரு மனிதத் தலை அளவுக்கு எண்ணெய்க்கறை. முன்பு யாரோ அங்கே சாய்ந்து உட்கார்ந்து வருஷக்கணக்கில் எதையோ யோசித்திருக்கிறார். என்ன யோசித்திருப்பார் என்பதை ஊகிக்கலாம். வீட்டை விற்றிருக்கிறாரே.

இது எப்படி நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இதில் பங்கெடுத்தவர்கள் யாரும் விட்டுப்போகக் கூடாது. அதே மூலையில் முன்பு ஓர் உள்சுவர் அலமாரி இருந்தது. அதற்குள் செப்பு வெந்நீர்த் தொட்டி, மேல் தட்டில் துவைத்த துணி உலரும். காம்பி பாய்லருக்குத் தொட்டி வேண்டாம். பிளம்பர் பார்த்தார்: வெந்நீர்க் குழாய், ரேடியேட்டர் குழாய் எல்லாம் இங்கேயே வந்து முடிகின்றன, பின்னால் வெளிச்சுவர். டெரஸ் வீட்டுக்கு இரண்டு பக்கச் சுவரும் அண்டை வீட்டாரோடு பொது என்பதால் புகைக்குழாயை முன்னால் நீட்டலாம், இல்லாவிட்டால் பின்னால். தொட்டியை எடுத்துவிட்டுப் பாய்லரை அலமாரிக்குள் மாட்டினார். குழாய் மிச்சம், பொழுதும் மிச்சம், நாலு மணிக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். அடுத்து வந்த வீட்டுக்காரர் கணக்கில் கெட்டிக்காரர். அலமாரியை இடித்தால் அறை அகலும். அகன்றால் சிங்கிள் அறை டபுள் ஆகும். டபுள் ஆனால் விலை ஏறும். இடித்தார். பாய்லர் மட்டும், ஆடையைக் களைந்துவிட்டுப் போனாலும் அசையாத சமணச் சிலையாக, அப்படியே நின்றது. பிளம்பருக்கு லாபம், வீட்டுக்காரருக்கு லாபம், ஏஜென்டுக்குக் கமிஷனில் லாபம். கட்டிலில் படுக்கப் போகிற ஒருவரைத் தவிர இந்த ஏற்பாட்டால் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

மாப்பிள்ளை போனில் திசைகாட்டியைத் திறந்து அறை நடுவில் நின்றார். திருச்சியிலிருந்து அக்கா வீடியோவில் இருந்தாள்.

“டேய் தம்பி, என்னடா இது, தலைமாட்டுல அடுப்பை மாட்டி வச்சிருக்காங்க?”

“அடுப்பு இல்லக்கா, பாய்லர்.”

“உள்ள நெருப்பு எரியுதா இல்லையா?”

“எரியுது.”

“அப்ப அடுப்புதான். மூலை என்ன மூலை? அக்னி மூலைன்னா சரின்னு விட்றலாம்.”

மாப்பிள்ளை போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஈசானியம் அத்தை” என்றார். கொஞ்ச நேரம் திருச்சியில் சத்தமே இல்லை. மகள் வாடகை வீட்டுக்கு மாசாமாசம் எவ்வளவு கொட்டுகிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். கடைசியில், “சாமி இருக்க வேண்டிய மூலையில அக்னி பகவானே வந்து உக்காந்திருக்கார்னு நெனச்சுக்கச் சொல்லு” என்றாள். வாஸ்து சாஸ்திரத்தையே வளைக்கும் வல்லமை லண்டன் வீட்டு விலைக்கு உண்டு.

வாங்குவதற்கு முன்னால் சர்வேயரை அனுப்பினோம். சர்வேயருக்கும் வெந்நீர்க் கருவிக்கும் ஒரு பூர்வ சம்பந்தம் உண்டு. லண்டனில் பெஞ்சமின் மாகன் என்பவர் கேஸில் எரியும் வெந்நீர்க் கருவியைக் கண்டுபிடித்தது 1868-இல். குளியலறைக்குள்ளேயே எரியும், புகைக்குழாய் என்ற வீண்செலவு கிடையாது. புகையும் குளிப்பவரோடு உள்ளேயே இருக்கும். அதே 1868-இல்தான் அதே லண்டனில் சர்வேயர்களின் சங்கமும் பிறந்தது. ஒரே ஊரில் ஒரே வருஷம் பிறந்த இரண்டும் அன்று முதல் ஒருவர் விஷயத்தில் ஒருவர் தலையிடாமல் கண்ணியமாக வாழ்ந்து வருகின்றன. எங்கள் சர்வேயர் அறிக்கை பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் அச்சிட்டு வந்தது. தோட்டத்துக் கொட்டகையின் கூரைக்கு ஒரு முழுப் பத்தி. பாய்லருக்கு இரண்டு வரி: கண்ணால் பார்த்தோம், இயக்கிப் பார்க்கவில்லை, பதிவுபெற்ற கேஸ் இன்ஜினீயரை அழைத்துக் காட்டவும். படுக்கையறையில் இருக்கிறதே என்று மாப்பிள்ளை போனில் கேட்டார். அது பழுது இல்லையே என்றார் சர்வேயர். எவ்வளவு நேர்மை! பழுது என்றால் எழுதியிருப்பார்.

படிவங்கள் வேறு. விற்பவர் எதையெல்லாம் வீட்டோடு விட்டுச் செல்கிறார் என்று ஒரு படிவத்தில் டிக் அடித்துத் தர வேண்டும், டிஏ10 என்பார்கள். திரைச்சீலையைக் கழற்றி எடுத்துப்போகிறேன், பல்புகளை விட்டுப்போகிறேன் என்று அதில் வரிசையாக வரும். பாய்லருக்கும் ஒரு வரி உண்டு. அதைத் தாமாகவே முன்வந்து விட்டுப்போவதாக அந்த வள்ளல் டிக் அடித்திருந்தார். இன்னொரு படிவத்தில் எந்த வருஷம் மாட்டியது, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தது என்ற கேள்விகள். வாங்கும்போதே இருந்தது என்பது முதல் பதில். இரண்டாவதற்குப் பதில் எழுதி மையை வீணாக்கவில்லை. பாய்லரின் சர்வீஸ் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பேனாக் கீறல், ஒரு கட்டைவிரல் அடையாளம் கிடையாது. கடையில் புதிதாக வாங்கினால்கூட அவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது.

புதிதாகப் பாய்லர் மாட்டினால் நகராட்சிக்குத் தகவல் போய், கட்டட விதிகளின்படி சான்றிதழ் வந்திருக்க வேண்டும். வந்திருக்கவில்லை. இங்கேதான் சொலிசிட்டர்களின் மேதைமை வெளிப்படுகிறது. நானாக இருந்தால் ஒரு இன்ஜினீயரை அழைத்து, பாய்லரைச் சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்யச் சொல்லியிருப்பேன். படிக்காதவன் யோசனை. அவர்கள் சான்றிதழ் இல்லாததற்கு ஒரு காப்பீடு எடுத்துக் கொடுத்தார்கள். பாய்லர் வெடித்தால் அதில் பணம் கிடைக்காது, பழுதானாலும் கிடைக்காது. சான்றிதழ் எங்கே என்று நகராட்சி கிளம்பி வந்து நடவடிக்கை எடுத்தால் மட்டும் கிடைக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை: இப்படி ஒரு பாய்லர் இருக்கிறது என்று நகராட்சியிடம் நீங்கள் மூச்சுவிடக் கூடாது, கேட்டு ஒரு கடிதம் போட்டாலும் காப்பீடு செல்லாது. விற்பவர் பிரீமியத்தைக் கட்டினார், இரண்டு சொலிசிட்டர்களும் கோப்பில் ஒரு காகிதத்தைச் சேர்த்தார்கள், கடன் தரும் வங்கி திருப்தி அடைந்தது. பாய்லர் பக்கம் யாரும் போக வேண்டிய தேவையே எழவில்லை. ஆபத்தைத் தொடாமலேயே ஆபத்தைத் தீர்க்கும் இந்த வித்தை வேறு எந்த நாட்டு வைத்தியத்திலும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளை தேடினார். 1998-ஆம் ஆண்டு கேஸ் பாதுகாப்பு விதிகளில் இருக்கிறது. தூங்கும் அறையில் 14 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கேஸ் வெந்நீர்க் கருவி புதிதாக மாட்டினால் அது மூடிய வகையாக இருக்க வேண்டும். அறைக் காற்றைத் தொடாமல், எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விட வேண்டும். இந்தக் காலத்துக் காம்பிகள் மூடிய வகைதான். ஆகவே சரி. தூங்குகிறவர் காலையில் உயிரோடு எழ வேண்டும் என்பதோடு சட்டத்தின் கவலை முடிகிறது. அவர் தூங்கினாரா என்பது அதன் விசாரணைக்கு உட்பட்டதில்லை. 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வாடகைக்கு விடுபவர், பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி வைத்தே ஆக வேண்டும். பழைய பாய்லரோடு சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாடகைக்காரன் உயிரை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது, சொந்த வீட்டுக்காரனுக்கு அந்தச் சுதந்திரத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறது. மாப்பிள்ளை கடையில் ஒன்று வாங்கி மாட்டினார்.

குடியேறிய பிறகு பாய்லரின் குணநலன்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. முதலாவது, அதற்குச் சோம்பல் என்பதே கிடையாது. வெந்நீர் கேட்டவுடன் கிடைக்க வேண்டும் என்று உள்ளே கொஞ்சம் நீரை எப்போதும் சூடாக வைத்திருக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. இதில் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கும் யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்ற பொறுப்புணர்ச்சியில், முதலில் ஒரு டிக், பிறகு விசிறி எழும் ஊதல், பிறகு நெருப்பு பற்றும் ‘பொக்’, பிறகு குழாய்கள் சூடேறி நெளியும் சொடக்குச் சத்தம் என்று நான்கு சுரத்தில் கடமையைச் செய்துவிட்டு அடங்கும். அந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்று கையேட்டில் இருக்கிறது. அணைத்தார்கள். இப்போது அதிகாலை ஷிப்டுக்குப் போகும் மாடிக் குடித்தனக்காரர் குளிக்கும்போது மட்டும்தான் பாடுகிறது. கடனைக் கட்ட மூன்றாவது அறையை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.

பாய்லருக்குக் கீழே யார் படுப்பது என்பது வீட்டில் முதலில் பேச்சுவார்த்தையாக இருந்தது. ஜன்னல் பக்கம் குளிர், பாய்லர் பக்கம் கச்சேரி. “அவரோட குறட்டைக்கு அது தேவலாம் மாமா” என்றாள் அக்கா மகள். ஆக அவள் பாய்லருக்குக் கீழே. பேச்சு முற்றிய ஒரு நாளில் மாப்பிள்ளை கூடத்து சோபாவில் படுத்துப் பார்த்து, அங்கே நல்ல தூக்கம் வருகிறது என்று கண்டுபிடித்தார். டபுள் அறை பழையபடி சிங்கிள் ஆயிற்று. விலை மட்டும் டபுளுக்குக் கொடுத்தது.

இரண்டாவது குணம், சிக்கனத்தைக் கற்றுக்கொடுப்பது. பாய்லர் மாடியில் பின்பக்கம், சமையலறை கீழே. காலையில் கீழே குழாயைத் திறந்தால், இடையிலுள்ள குழாயில் ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த தண்ணீர் அத்தனையும் வெளியேறிய பிறகே வெந்நீர் எட்டிப் பார்க்கும். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றுகிறாள். கறிவேப்பிலை அந்தக் குளிரில் பிழைக்கவில்லை, புதினா நன்றாக வந்திருக்கிறது.

மூன்றாவது, அண்டை அயலாரோடு உறவு. கண்டென்ஸிங் பாய்லர் புகைக்குழாயிலிருந்து குளிர்நாளில் வெள்ளை ஆவி மேகம் மேகமாக வரும். திறக்கக்கூடிய ஜன்னலிலிருந்து 300 மில்லிமீட்டராவது தள்ளிக் குழாய் முனை இருக்க வேண்டும் என்பது பொது அளவு. அளந்து பார்த்தோம், இருக்கிறது. மில்லிமீட்டர் கணக்கை மேகம் படித்ததில்லை. காற்று கிழக்கே அடித்தால் பக்கத்து வீட்டு அம்மையார் குளியலறை ஜன்னல், மேற்கே அடித்தால் இவர்கள் படுக்கையறை ஜன்னல். முன்பு பார்த்தால் தலையசைப்பதோடு சரி, இப்போது அந்த அம்மையார் வேலியோரம் நின்று நிறையப் பேசுகிறார்.

பனி விழுந்த வாரத்தில்தான் அதன் முழு மகிமை தெரிந்தது. எரிந்த புகையிலிருக்கும் ஆவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் கறந்துகொள்வதால் இந்தப் பாய்லர் லேசான அமிலம் கலந்த நீரைச் சொட்டும். அதை ஒரு பிளாஸ்டிக் குழாய் வெளியே கொண்டுபோகும். வெளியே போகும் பகுதி 32 மில்லிமீட்டர் பருமனாவது இருப்பது நல்லது, மேலே உறையும் சுற்ற வேண்டும். பாய்லரை மாட்டிய நம் கலைஞர் சுண்டுவிரலைவிடச் சற்றுப் பெரிய குழாயை அப்படியே சுவரோரம் இறக்கிவிட்டிருந்தார். 2010 டிசம்பர்க் குளிரில் நாடெங்கும் இந்தக் குழாய்கள் உறைந்து, பாய்லர்கள் நின்று, பிளம்பர்களின் போன் ஓயாமல் அடித்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். இவர்கள் வீட்டிலும் விடியற்காலையில் கொப்பளிக்கிற சத்தம், பிறகு சிவப்பு விளக்கு, பிறகு நிசப்தம். கொதிக்கும் நீரை ஊற்றினால் குழாய் வெடிக்கும், வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும். ஆக, மாப்பிள்ளை தெர்மல் மேல் லுங்கியைக் கட்டிக்கொண்டு, மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்த்து, ஏணியில் ஏறிக் குழாய் நெடுகிலும் ஊற்றினார். வீட்டுக்காரர் வெந்நீர் வைத்துக் கொடுக்க, அதில் குளித்து எழுந்து வேலைக்குக் கிளம்பும் ஒரு பாய்லரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இடம் மாற்றலாமா என்று ஒரு பிளம்பரை அழைத்தார்கள். வந்தவர் முதலில், “இதை யார் மாட்டினது?” என்றார். உலகத்தில் எந்த பிளம்பரும் வேறொரு பிளம்பரின் வேலையைப் பார்த்ததும் சொல்லும் முதல் வாக்கியம் அது. பிறகு தரையில் மண்டியிட்டு, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, உச்சுக் கொட்டினார். சமையலறைக்குக் கொண்டுபோனால் கேஸ் மீட்டரிலிருந்து 22 மில்லிமீட்டர் குழாய் புதிதாக இழுக்க வேண்டும், பலகைத் தரையைப் பெயர்க்க வேண்டும், புகைக்குழாய்க்குச் சுவரைத் துளைத்துப் பழைய ஓட்டையை அடைக்க வேண்டும், பூசி வண்ணம் அடிக்க வேண்டும். பழைய பாய்லர் கழற்றி மாட்டினால் தாங்காது, ஆகவே புதுசு. எஸ்டிமேட் நாலு இலக்கத்தில் வந்தது, முதல் இலக்கம் ஒன்று இல்லை. வேண்டுமானால் பரணில் ஏற்றித் தருகிறேன், ஆனால் நிரந்தர ஏணி, பலகைத் தளம், விளக்கு எல்லாம் போட வேண்டும் என்றார். போகும்போது அந்த அட்டைத்துண்டை எடுத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டுப் போனார். அதற்குக் காசு வாங்கவில்லை. அன்றைக்கு நிஜமாகவே சத்தம் குறைந்தது, இதை வஞ்சனையில்லாமல் சொல்கிறேன்.

இப்போது அரசாங்கமே வழி காட்டியிருக்கிறது. கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்டு மானியம். பெரிய மின்விசிறிப் பெட்டி தோட்டத்தில் நிற்கும்; வெளிக்காற்றின் சூட்டைக் கறந்து வீட்டுக்குள் அனுப்பும். நெருப்பே கிடையாது. அக்காவிடம் சொன்னபோது, கொல்லையில் வைக்க ஒருவழியாக வெள்ளைக்காரனுக்குத் தோன்றிவிட்டதா என்று கேட்டாள். அளவெடுக்க ஒரு இளைஞர் வந்தார். மரியாதையான பையன். ஷூவுக்கு மேல் நீல உறை போட்டுக்கொண்டு அறை அறையாகப் போனார், ரேடியேட்டர்களை அளந்தார், ஜன்னல்களை எண்ணினார், டேப்லெட்டில் குறித்துக்கொண்டார். படுக்கையறைக்கு வந்ததும் பாய்லரைப் பார்த்துச் சிரித்தார். “இது போய்விடும்” என்றார். அக்கா மகளுக்கு முகம் மலர்ந்ததை அன்றுதான் அந்த வீட்டில் பார்த்தேன்.

ஒரு விஷயம் என்றார். ஹீட் பம்ப் காம்பி மாதிரிக் கேட்டவுடன் வெந்நீர் தராது, முன்கூட்டியே காய்ச்சித் தேக்கி வைக்கும். அதற்கு ஒரு சிலிண்டர் வேண்டும், ஆளுயரம் இருக்கும். பழைய வெந்நீர்த் தொட்டி இருந்த அலமாரி எங்கே?

அதை இடித்துத்தான் இந்த அறையை டபுள் ஆக்கினார்கள் என்றோம். அவர் தலையாட்டினார். பாய்லருக்குக் கீழே வரும் செப்புக் குழாய்களைக் குனிந்து பார்த்தார். எல்லாக் குழாயும் இங்கேயே வந்து முடிகிறது, நல்ல வசதி என்றார். பிறகு அளவுநாடாவை இழுத்துச் சுவரிலிருந்து கட்டில் வரை பிடித்து, கட்டிலைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார்.